தலையணைக்குக் கீழே வைத்த நீலம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ கொடுத்தனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த உன் சிநேகிதன் வெயிலோடு வெயிலாகச் சண்டிலிப்பாய்வரை சைக்கிள் மிதித்து வந்து, அதை என் கையில் தந்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனான். பிரித்தால் நான் அனுப்பிய அதே நீலப் பட்டுத் துணி, அதற்குள் அதே நீலக்கல். கூட நாலு வரி. கல் உனக்கு ஒத்துவரவில்லையாம். தலையணைக்குக் கீழே வைத்த முதல் இரவே கெட்ட கனவாம், அடுத்த நாள் பஸ் மிதிபலகையிலிருந்து விழுந்து கால் சுளுக்கியதாம், மூன்றாம் நாள் கூகைக்கட்டு வந்து முகம் பூசணிக்காயாக வீங்கிப் போனதாம். பெண்ணின் சாதகத்தில் ஏழாம் இடத்துச் சனிதான் இதற்கெல்லாம் காரணமாம், தெல்லிப்பழைப் பெண்வீட்டாரிடம் நான் பக்குவமாகச் சொல்லிச் சம்பந்தத்தை நிறுத்திவிட வேண்டுமாம். நன்றாக இருக்கிறது. தை மாதம் தேவகியைப் பார்க்கப் போனபோது, அவள் வைத்த தேத்தண்ணீர் ஆறமுன்னம் ஓம் என்று தலையாட்டினவனும் நீதான். லீவு முடியும்வரை ஏதோ ஒரு சாட்டுச் சொல்லித் தெல்லிப்பழைப் பக்கம் சைக்கிளைத் திருப்பினவனும் நீதான். இப்போது ஒரு கல்லை முன்னுக்கு விட்டுவிட்டு நீ பின்னுக்கு நிற்கிறாய்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் என்று நாலைந்து நாள் பொறுத்தேன். உனக்குப் பதில் சொல்லமுதல் இந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரியும், எதைக் கண்டாலும் ஏன், எப்படி, எங்கேயிருந்து என்று மூக்கை நுழைக்கிற குணம் எனக்கு. உன் அப்பா அதற்காகவே என்னைப் பகிடி பண்ணுவார். அந்தக் குணத்தால் தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். உனக்குக் கூகைக்கட்டு, வேலைக்கும் போகவில்லை, ஆறுதலாக இருந்து படி.

ஐம்பத்தாறில் எங்களுக்குக் கலியாணம் முடிந்த கையோடு அப்பாவுக்கு இரத்தினபுரித் தபாற்கந்தோருக்கு மாற்றம் வந்தது. மாரி மழைக்கு மட்டும் ஓடுகிற நம்முடைய வழுக்கையாற்றைத்தான் ஆறு என்று நம்பியிருந்தவள் நான். அங்கே போய்த்தான் வருசம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆற்றைப் பார்த்தேன். ஓயாத மழை. துவைத்த சீலை மூன்று நாள் காயாது. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி மெனிக்கே என்ற சிங்களப் பெண். என்னைவிடப் பத்து வயது மூப்பு இருக்கும். அவளுடைய புருசனுக்கு ஒரு கல்லுக்குழியில் பங்கு. நெல்வயலுக்கு நடுவில் கிணறுபோல் இறக்கி, பக்கத்துக்குத் தடி கட்டி, காட்டுச் செடியை அடைத்து, ஊற்றுத் தண்ணீரை இறைத்து இறைத்து இறங்குவார்கள். அடியில் கூழாங்கல்லும் களியுமாக ஒரு படை வரும். அதுதான் இரத்தினம் இருக்கிற படை. மலையிலே எந்தக் காலத்திலோ உண்டான கல், மழையோடு உருண்டு, ஆற்றோடு வந்து, மண்ணுக்குள் அடங்கிக் கிடக்கிறதாம். இதைக் கேட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, குழியைப் பார்க்க வேண்டும் என்று நின்றேன். மெனிக்கே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெண்கள் குழிப்பக்கம் போகக் கூடாதாம், போனால் கல் ஒளித்துவிடுமாம். குழி வெட்டத் தொடங்கும்போது தெய்வத்துக்கு விளக்கு வைத்துக் கும்பிடுகிறவர்கள், பெண்ணின் நிழல் பட்டால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுவார்களாம்.

நான் விடுவேனா? குழிக்குத்தானே போகக் கூடாது, ஆற்றங்கரைக்குப் போகலாமே என்று குடையைப் பிடித்துக்கொண்டு அக்கரையில் போய் நின்றேன். இடுப்பளவு தண்ணீரில் ஆண்கள் நின்று, கூழாங்கல்லை அகன்ற கூடையில் அள்ளி, சுளகு புடைக்கிற மாதிரி அல்ல, வட்டமாகச் சுழற்றினார்கள். மண் கரைந்து போக, பாரமானது அடியில் தங்கும். பிறகு ஒருவர் கூடையைச் சூரியனுக்குச் சரித்துப் பிடித்து, ஈர மணலைக் கையால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்ப்பார்.  நான் கண்டது ஒரு நீலம்தான். கடலை அளவு. மற்றதெல்லாம் பால் கலங்கின மாதிரி வெள்ளையாய், கண்ணுக்கு ஒன்றுமில்லாத கற்கள். அவற்றை அவர்கள் சும்மா எறிந்தார்கள். நீலமாகப் பிறக்க வந்து வழியில் நின்றுபோன கல் என்று மெனிக்கே அவற்றைச் சொன்னாள். அந்த வார்த்தை எனக்குள் தைத்துவிட்டது. நின்றுபோனது என்றால், இன்னும் போகலாமோ?

நீ வயிற்றில் இருந்த மாதங்களில் எனக்குத் தனிமை. அப்பா கந்தோருக்குப் போனால் பின்னேரம்தான் வருவார், அயலில் தமிழ் கதைக்க ஆள் இல்லை. மெனிக்கே ஐந்து பால்கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள், நான் அவளுக்குக் கொக்கான் வெட்டப் பழக்கினேன். எறிந்து பிடிக்கப் பாக்கு அளவில் நல்ல பாரமான கற்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிலத்தில் இருந்து விளையாடுகிற என்னைப் பார்த்து, பிள்ளை கையில் கல்லோடுதான் பிறக்கும் என்று அப்பா சொன்னார். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் எல்லாத் தமிழரையும் போல நாங்களும் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வரவேண்டியதாயிற்று. புறப்படும்போது மெனிக்கே வாசல்வரை வந்தாள். உன்னைத் தூக்கி உச்சி மோந்துவிட்டு, அந்த ஐந்து கல்லையும் ஒரு லேஞ்சித் துணியில் முடிந்து, உன் பால்போத்தல் வைத்த பைக்குள் போட்டாள். அதற்குப் பிறகு அவளை நான் காணவில்லை. 

அந்த ஐந்தில் மூன்று போன வழி தெரியவில்லை. ஒன்று நீ கிணற்றில் போட்டதை நானே கண்டேன். மிஞ்சின ஒன்றை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்பாவின் மேசையில் பஞ்சாங்கத்துக்கு மேலே இருக்குமே, சோளகக் காற்றுக்குத் தாள் பறக்காமல் வைத்த வெள்ளைக் கல்? அதுதான். பல் முளைக்கிற வயதில் நீ அதை வாய்க்குக் கொண்டுபோவாய், நான் பறித்தால் ஊரைக் கூட்டுவாய். கண்ணாடிப் போளை விளையாடுகிற வயதில், தங்கச்சி எடுத்துவிடுவாள் என்று அதைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்துக்கொண்டு படுப்பாய். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருசக்கணக்காக. சின்னமுத்துக் காய்ச்சல் வந்து நீ அனலாய்க் கொதித்துக் கிடந்தபோது, அது குளிர்ச்சியாக இருக்கிறது என்று கன்னத்தில் வைத்துக்கொண்டுதான் நித்திரை கொண்டாய். காலையில் அப்பா பஞ்சாங்கம் பார்க்க வந்து, கல்லைக் காணவில்லை என்று தேடி, உன் கன்னத்தின் கீழிருந்து எடுத்துக்கொண்டு போவார்.

சரி, இனி நிறத்துக்கு வருகிறேன். உனக்குப் பெண் பார்க்கத் தொடங்கிய பிறகு, தேவகியின் குறிப்பைப் பொருத்தம் பார்க்கக் கொண்டுபோனேன். பத்துக்கு எட்டுப் பொருத்தம், ஆனால் ஏழில் சனி என்றார் சாத்திரியார். மாப்பிள்ளை ஒரு நீலம் அணிந்தால் தோசம் இல்லை, ஆனால் நீலம் எல்லாருக்கும் ஒத்துவராது, கட்டமுதல் மூன்று நாள் தலையணைக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும், நல்ல கனவு கண்டால் மோதிரம் கட்டலாம், கெட்ட குறி கண்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். இது நம்மவர்கள் காலங்காலமாகச் செய்கிறதுதான். மாணிக்கத்தையோ புட்பராகத்தையோ இப்படி ஒருவரும் பரீட்சிக்க மாட்டார்கள், நீலத்துக்கு மட்டும் இந்தப் பயம். ஏன் என்று நான் கேட்கத் தொடங்கினேன்.

யாழ்ப்பாணத்தில் பெரியகடைப் பக்கம் கல் வியாபாரம் செய்கிற காசிம் நானாவை உனக்குத் தெரியும், அப்பாவின் பழைய சிநேகிதர். அவர் சொன்னதைக் கேட்டு நான் திறந்த வாய் மூடவில்லை. சிவப்பு மாணிக்கம், நீலம், மஞ்சள் புட்பராகம், தாமரைப் பூவின் நிறத்தில் வருகிற பத்மராகம், நிறமே இல்லாத வெள்ளை, எல்லாம் ஒரே கல்லாம். எல்லாம் குருந்தம் என்ற ஒரே இனம். சாணை பிடிக்கிற கல்லிலும் அதே இனம்தான் இருக்கிறதாம். உள்ளுக்குள் துளி இரும்போ வேறு ஏதோ கலந்த கணக்குத்தான் நிறமாகத் தெரிகிறதாம். இன்னொன்றும் சொன்னார். நாலைந்து வருசமாகத் தாய்லாந்து வியாபாரிகள் வந்து இரத்தினபுரியில் எறிந்து கிடந்த பால்கல்லைச் சாக்குச் சாக்காக அள்ளிக்கொண்டு போகிறார்களாம். இரும்பே உருகுகிற சூட்டில் வைத்து எடுத்தால் பால் தெளிந்து நீலம் வருகிறதாம். எல்லாக் கல்லுக்கும் வராது. சிலது வெடிக்கும், சிலது அப்படியே இருக்கும். எது வரும், எது வெடிக்கும் என்று அடுப்பைத் திறக்குமட்டும் ஆருக்கும் தெரியாது. மெனிக்கே சொன்ன கல்! வழியில் நின்றுபோன கல் இருபத்தைந்து வருசம் கழித்து நடக்கத் தொடங்கிவிட்டது என்று எனக்குப் புல்லரித்துப் போயிற்று.

நேரே சாத்திரியாரிடம் போனேன். வெள்ளைக் கல் எந்தக் கிரகத்தின்ரை கல்லு ஐயா என்று கேட்டேன். வெள்ளியின்ரை என்றார். மஞ்சள்? வியாழன்ரை. நீலம்? சனியின்ரை. அப்ப வெள்ளைக் கல்லை அடுப்பிலை வைச்சு நீலமாக்கினால், கிரகம் அடுப்புக்குள்ளை மாறுதோ என்று கேட்டேன். அவர் வெற்றிலையை ஒரு பக்கக் கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கள் சாத்திரம் கேக்க வந்தனீங்களோ, வழக்காட வந்தனீங்களோ?"

அதற்கு மேல் அவரைக் குடையவில்லை. நான் சாத்திரத்தை எறிந்து பேசுகிறேன் என்று நினைக்காதே. புரட்டாசிச் சனிக்கு எள் எரிக்காமல் ஒரு வருசமும் இருந்தவள் அல்ல நான். கும்பிடுகிறது வேறு, கேட்கிறது வேறு. இரண்டுக்கும் என்னிடம் இடம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து, அப்பாவின் மேசையில் பஞ்சாங்கத்துக்கு மேலே இருந்த கல்லை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தேன். அப்பா கண்ணை மூடின பிறகு நான் அதை இடம் மாற்றவில்லை. அவருடைய விரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் வழுவழுப்பாய் இருந்தது. அடுப்பில் வெடித்தால் அதுவும் போய்விடும். தங்கச்சி வேண்டாம் அம்மா என்று அழுதாள். ஆனாலும் எனக்கு ஓர் ஆசை. உன் விரலில் நீலம் இருக்க வேண்டும் என்றால் அது கடையில் வாங்கின நீலமாக இல்லாமல், அப்பா தொட்ட நீலமாக இருக்கட்டும் என்று. காசிம் நானாவிடம் கொடுத்தேன். அவர் தன் மச்சான் மூலம் பேருவளைக்கு அனுப்பி, அங்கேயிருந்து அது தாய்லாந்துக்காரர் கையில் போய், எந்த அடுப்பில் எரிந்ததோ, நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. வெட்டி, பட்டை தீட்டி, கச்சான் கடலையின் பருப்பு அளவில். பின்னேர வானம் இருட்டமுன்னம் ஒரு நீலம் வருமே, அந்த நீலம். ஒரு ஓரத்தில் மட்டும் பால் தெளியவில்லை, அது குறைதான் அக்கா, மன்னியுங்கோ என்றார் நானா. எனக்கு அந்தக் குறையைக் கண்டபோதுதான் உயிர் வந்தது. அந்த ஓரத்து வெள்ளையை எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஓம், தம்பி. நீ மூன்று நாள் தலையணைக்குக் கீழே வைத்துப் பயந்து திருப்பி அனுப்பிய கல் அதுதான். கலியாணம் முடிந்த பிறகு சொல்லி உன்னைச் சிரிக்க வைக்கலாம் என்று சொல்லாமல் அனுப்பினேன். நீ எனக்கு முந்திக்கொண்டாய்.

இப்போது யோசி. மூன்று நாளில் உனக்கு ஒத்துவராத கல், அத்தனை வருசம் உன் தலையணைக்குக் கீழே எப்படிக் கிடந்தது? கூகைக்கட்டு என்கிறாய். உன் அறையில் இருக்கிற பொடியனுக்குக் கூகைக்கட்டு, அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறேன் என்று ஆடியில் நீயே எழுதினாய். கல் அப்போது நீ இருக்கிற வெள்ளவத்தைக்கு வந்து சேரவே இல்லை. பஸ் மிதிபலகையில் தொங்குகிறதை நிறுத்து என்று நான் சொல்லாத மாதம் இல்லை. கனவு மட்டும்தான் மிச்சம். அது என்ன கனவு என்று நீ எழுதவில்லை.

அப்பா போனதும் இந்தக் கல் இருந்த வீட்டில்தானே என்று நீ கேட்கலாம். கேள். நீ கேட்கமுதல் நானே என்னைக் கேட்டுவிட்டேன். அன்றைக்குக் காலையிலும் அவர் கல்லைத் தூக்கிப் பஞ்சாங்கம் பார்த்தார், நல்ல நாள் என்றுதான் சொன்னார், பத்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். நீ சோதனை பாஸ் பண்ணின அன்றும் கல் அதே மேசையில்தான் இருந்தது. தங்கச்சி பிறந்த அன்றும், புகையிலை முழுக்க மழையில் அழுகிப்போன வருசமும் அங்கேதான் இருந்தது. எங்கள் வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் அது பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அது செய்தது என்று சொல்ல என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை.

ஆனால் கல் உன்னிடமிருந்து வந்த அடுத்த நாள், நான் யோசித்து முடிக்கமுன்னமே, தேவகி வந்துவிட்டாள். ஆசுபத்திரியில் காலை வேலை முடித்து, நேர்ஸ் உடுப்போடு தெல்லிப்பழையிலிருந்து சைக்கிளில் வந்திருந்தாள். உன் சிநேகிதன் வாய் சும்மா இருக்கவில்லை போல, விசயம் அவள் வீட்டுக்குப் போய்விட்டது. தகப்பன் முற்றத்தில் இறங்கவில்லையாம், தாய் அழுகையாம். ஏழில் சனி என்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போனது, கல்லும் ஒத்துவரவில்லை என்று ஊரில் பரவினால் இனி எவன் வருவான்? இதையெல்லாம் அவள் முறைப்பாடாகச் சொல்லவில்லை. நான் கேட்டுக் கேட்டு எடுத்தேன். இரு பிள்ளை என்று கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் இருக்கவில்லை.

"கல்லுக்கு என்னைப் பிடிக்கேல்லையோ, அவருக்குப் பிடிக்கேல்லையோ? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ மாமி. அவருக்குப் பிடிக்கேல்லை எண்டால் நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

  எனக்கு வெட்கமாக இருந்தது, தம்பி. உனக்காக நான் வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. கல்லை எடுத்து அவள் கையில் வைத்து, இவ்வளவு நேரம் உனக்கு எழுதியதை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். ஆற்றையும், மெனிக்கேயையும், அடுப்பையும், உன் கன்னத்தையும். அவள் அதை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, அந்த ஓரத்து வெள்ளையைக் கண்டுபிடித்து, விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பட்டுத் துணியில் வைத்து முடிந்தாள்.

"அவர் மூண்டு நாள் வைச்சுப் பாத்தவர்தானே. நானும் வைச்சுப் பாக்கிறன். எனக்கு ஒத்துவரேல்லை எண்டால் நான் வேண்டாம் எண்டு சொல்லுவன்."

சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். நான் படலையில் நின்று பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பெண்ணை நாங்கள் பரீட்சிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, அவள் உன்னை ஏன் பரீட்சிக்கக் கூடாது என்று எனக்கு இத்தனை வயதுக்கும் தோன்றவில்லை.

உனக்குப் பயம் என்றால் பயம் என்று சொல். கலியாணம் என்றால் எல்லா ஆம்பிளைகளும் கொஞ்சம் பின்வாங்குவார்கள், உன் அப்பா கலியாணத்துக்கு முதல்நாள் காய்ச்சல் என்று போர்த்துக்கொண்டு படுத்தவர். அது குற்றமில்லை. அவளைப் பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல், நான் அழுதாலும் கேட்டுக்கொள்வேன். ஆனால் உன் வாயால் சொல்ல வேண்டியதைக் கல்லின் தலையில் கட்டாதே. கல் மறுப்புச் சொல்லாது என்பதற்காகத்தானே அதன் தலையில் கட்டுகிறாய். அவளுக்கும் அதைச் சொல்லிவிட்டேன், கோபிக்காதே.

நேற்றோடு அவளுடைய மூன்று நாள் முடிந்தது. என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை, பஸ் பிடித்துத் தெல்லிப்பழைக்குப் போனேன். ஆசுபத்திரி வாசலில் நின்று, என்ன பிள்ளை, கனவு கண்டனியோ என்று கேட்டேன். ஓம் மாமி, கண்டனான் என்றாள். நல்லதோ கெட்டதோ என்றேன். அதை அவருக்குத்தான் சொல்லுவன், அவர் வந்து கேட்கட்டும் என்றாள். இடுப்புப் பக்கம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், கல் அங்கே முடிச்சில் இருந்தது. கல்லைத் திருப்பித் தா என்று நான் கேட்கவில்லை.

வரும் வழியில் பத்தரிடம் மோதிரத்துக்குச் சொல்லிவிட்டு வந்தேன். ஆரின்ரை விரலுக்கு அளவு என்று கேட்டார். உன்னுடையதோ அவளுடையதோ, எனக்கே இன்னும் தெரியாது என்றேன். முகத்து வீக்கம் வற்றினதும் ரயில் ஏறு. முதலில் தெல்லிப்பழைக்குப் போ, பிறகு வீட்டுக்கு வா.

அம்மா